காற்றுக்குக் காத்திருந்த ஊர்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆகாய மார்க்கமாக ஆஸ்திரேலியாவுக்கும் ஜப்பானுக்கும் செல்லுகிறவர்களில் பலர் சிங்கப்பூரில் இறங்கி, அடுத்த விமானம் புறப்படுகிற வரையில் ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ, சில சமயங்களில் ஒரு பகல் முழுவதுமோ அங்கே தங்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். அந்தப் பொழுதை யாத்திரையில் நேர்ந்த ஒரு நஷ்டமாகவே அவர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். நாற்காலியில் சாய்ந்து அரைத் தூக்கம் தூங்கியும், கடை வாசல்களில் நடந்தும், கடிகாரத்தை அடிக்கடி பார்த்தும் அதைக் கழித்துவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களைக் காணும்போதெல்லாம், எவ்வளவு நீண்ட ஒரு வரிசையின் கடைசியில் தாங்கள் வந்து நிற்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாவதுண்டு.

ஏனெனில், அந்த ஊர் உண்டானதற்குக் காரணமே வேறோர் ஊருக்குப் போகிற வழியில் அங்கே காத்திருந்த மனிதர்கள்தாம். காத்திருப்புக்கு உரிய காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. முதலில் காற்று, அதன் பிறகு நிலக்கரி, அதன் பிறகு இருட்டும் பெட்ரோலும், இன்று விமானக் கம்பெனிகளின் கால அட்டவணை. காத்திருக்கிறவர்களை அந்தக் கரை எப்படி நடத்தியது, யாரை உபசரித்தது, யாரை அடைத்துவைத்தது என்பதை ஒருவன் ஒருவாறு அறிந்துகொண்டு இறங்குவானானால், அவனுக்குக் கிடைத்த ஆறு மணி நேரம் அற்ப சொற்பமானதன்று.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில், வங்கக் கடலுக்கும் சீனக் கடலுக்கும் இடையே பிரயாணம் செய்தவர்களுக்குப் பருவக் காற்றே எஜமானனாக இருந்தது. வைகாசி பிறந்து புரட்டாசி வரையில் வீசுகிற தென்மேற்குக் காற்று, சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்களைக் கிழக்கே கொண்டு சேர்த்தது. சீனத்துக்குத் திரும்புகிறவர்களை வடக்கே செலுத்தியதும் அதே காற்றுத்தான். மார்கழி, தை மாதங்களில் வீசுகிற வடகிழக்குக் காற்று சீனத்து மரக்கலங்களைத் தெற்கே இறக்கியது. நம்மவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. இவ்விரு காற்றுகளும் வந்து கூடுகிற இடம் மலாக்கா ஜலசந்தி. மேற்கேயிருந்து வந்த வர்த்தகன் கிழக்கேயிருந்து வரவேண்டிய சரக்குக்காகவும், தன்னைத் திருப்பி அழைத்துச் செல்ல வேண்டிய காற்றுக்காகவும், அந்த ஜலசந்தியின் ஏதாவதொரு துறையில் சில மாதங்கள் தங்கியே ஆக வேண்டும். ராஜனாயினும் சந்நியாசியாயினும் அதற்கு விலக்கில்லை.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து கடல் வழியாகத் தாயகம் திரும்பிய சீனத் துறவி பாஹியான், புயலில் அலைக்கழிந்து கீழ்க்கடல் தீவு ஒன்றில் ஐந்து மாதம் தங்க நேர்ந்தது. பௌத்த தர்மம் அங்கே சொல்லத்தக்க நிலையில் இல்லை என்று குறித்து வைத்ததற்கு மேல் அவர் அதைப் பற்றி அதிகமாகப் பேசவில்லை. அவருக்குச் சுமார் இரண்டரை நூற்றாண்டுகள் பின்னால் வந்த இத்சிங் என்னும் துறவியோ, இடைத்தங்கலைப் பயன்படுத்திக்கொள்ளுவதில் உலகத்துக்கே ஓர் ஆசிரியராக விளங்கத்தக்கவர். 671-ஆம் ஆண்டில் கான்டன் துறைமுகத்தில் பாரசீகக் கப்பல் ஒன்றில் ஏறிய அவர், சுமத்ராவிலிருந்த ஸ்ரீவிஜயத்தின் தலைநகரை இருபது நாளுக்குள் அடைந்து, அங்கே ஆறு மாதம் தங்கினார். அந்த ஆறு மாதத்தையும் சமஸ்கிருத இலக்கணம் கற்பதில் செலவிட்டார். பிறகு மலாயு என்னும் நாட்டில் இரண்டு மாதமிருந்து, அறிஞர்கள் கடாரமென்று கொள்ளுகிற துறைக்குச் சென்று, அங்கே காற்று அனுகூலமான பின் மீண்டும் கப்பலேறி, 673-இல் வங்கத்தின் தாம்ரலிப்தியை அடைந்து, நாளந்தாவுக்குப் போனார். ஸ்ரீவிஜய நகரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்ஷுக்கள் இருந்தார்கள் என்றும், இந்தியாவுக்குப் போக விரும்புகிற சீனத் துறவி எவரும் முதலில் அங்கே ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயின்றுகொண்டு போவது நல்லது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். வழியில் நேர்ந்த ஒரு நிர்ப்பந்தத்தை, பின்னால் வருகிறவர்கள் வேண்டிப் பெற வேண்டிய பாடமாக மாற்றிய அந்தப் பெரியாருடைய மனத்தை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு மேலிடுகிறது.

நம்மவர்களும் அந்தக் கரைகளில் வெறுமனே படுத்துக் கிடக்கவில்லை. இன்று தாய்லாந்தைச் சேர்ந்த தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனி நாரணம்’ என்று பெயரிட்ட ஒரு குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் கூறுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனுடைய விருதுப் பெயர். சுமத்ராவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்துக்குப் பிரசித்தி பெற்ற பாருஸில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு தமிழ்க் கல்வெட்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் பேசுகிறார்கள். குளம் வெட்டுகிறவன் ஒரு நாள் தங்குகிறவன் அல்லன். மாதக் கணக்கில் தங்குகிறவன், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திரும்பி வருகிறவன், தான் வராவிட்டாலும் தன் இனத்தான் ஒருவன் தாகத்தோடு வருவான் என்று எண்ணுகிறவன். இந்தப் பக்கத்திலும் அதற்கு நிகரான ஏற்பாடு இருந்தது. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகளில் காண்கிறோம். கடலின் இரு கரையிலும் அந்நியன் தங்கிப் போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தார்கள். அந்த நட்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1025-இல் ராஜேந்திரனுடைய கப்பற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கிற்று. ஆயினும் வர்த்தகர்கள் போவதும் வருவதும் நிற்கவில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் காத்திருப்பு மலாக்காவில் ஓர் அரசாங்க முறையாகவே வளர்ந்தது. அங்கே நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், நியமிக்கப்பட்டிருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், நம் கரையினருக்கும் வங்காளிகளுக்கும் பெகுக்காரர்களுக்கும் ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் சம்பா நாட்டினருக்கும் ஒருவர். வந்தவனுக்குக் கிடங்கும் தங்குமிடமும் காட்டுவது அவர்கள் கடமை. 1511-இல் போர்த்துக்கீசியர் அந்நகரைக் கைப்பற்றிய பின் அங்கே வந்த தோமே பிரேஸ் என்பவர், அதன் வீதிகளில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் கணக்குச் சொல்லுகிறார். காத்திருக்கிறவர்கள் கூடுகிற இடத்தில்தான் இத்தனை மொழிகள் சேர முடியும்.

1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி ஜோகூர் சுல்தானுடனும் தெமங்கோங் என்னும் உள்ளூர்த் தலைவருடனும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஒரு பண்டகசாலையை நிறுவியபோது, அவர் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. மலாக்காவின் பழைய தொழிலைச் சுங்கமில்லாத துறைமுகமாக வேறோர் இடத்தில் தொடங்கி வைத்தார் என்பதே என் அபிப்பிராயம். காற்றுகளும் அவையே, வந்தவர்களும் அவர்களே. புரட்டாசி வாக்கில் செலிபீஸ் தீவிலிருந்து பூகிஸ் மாலுமிகளின் படகுகள் வந்தன. தை மாதத்தையொட்டிச் சீனக் கப்பல்கள் வந்தன. கோடைக் காற்றில் நாகூர், நாகப்பட்டினத்துக் கப்பல்கள் வந்தன. அதே ஆண்டு மே மாதத்தில், பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்திறங்கிய நாராயண பிள்ளையைத்தான் அந்த ஊர்த் தமிழர்கள் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். சௌத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள மாரியம்மன் கோயில் 1827-இல் அவர் முயற்சியால் தோன்றியது.

தெலுக் ஆயர் என்னும் வீதி அந்நாளில் கடற்கரையாகவே இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியது பின்னால் நடந்த காரியம். கப்பலை விட்டு இறங்கியவன் முதலில் கால் வைத்த அந்தக் கரையோரத்தில், 1828-க்கும் 1830-க்கும் இடையே நம் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா கட்டினார்கள். அதே வீதியில், சிறிது தூரத்தில், 1839 முதல் 1842 வரையில் ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசூ தேவிக்குக் கோயில் எழுப்பினார்கள். நாகூரிலிருந்து வந்தவனும் சீனத்து ஆமாய்த் துறையிலிருந்து வந்தவனும் உயிரோடு கரை சேர்ந்ததற்கு ஒரே தெருவில் நன்றி செலுத்திவிட்டு, ஒருவன் கொண்டுவந்த துணியை மற்றொருவனும், அவன் கொண்டுவந்த பட்டையும் பீங்கானையும் இவனும் வாங்கிக்கொண்டு, எதிரெதிர்க் காற்றுகளை எதிர்பார்த்திருந்தார்கள். தர்காவும் கோயிலும் இன்றும் நிற்கின்றன.

1845-இல் பி. அண்டு ஓ. கம்பெனியின் தபால் கப்பல் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பலுக்குக் காற்று வேண்டுவதில்லை. ஆகவே காத்திருப்பு ஒழிந்தது என்று ஒருவர் எண்ணக்கூடும். ஆனால் நீராவிக்கு நிலக்கரி வேண்டும். 1864-இல் ஏற்பட்ட தஞ்சோங் பகார் துறைமுகக் கம்பெனியின் மேடைகளில், கூலிகள் கூடை கூடையாக நிலக்கரியைச் சுமந்துபோய்க் கப்பலின் வயிற்றில் கொட்டினார்கள். அந்த வேலை நடக்கிற வரையில் கப்பலெங்கும் கரித்தூள் பறக்கும், அறைகளின் சாளரங்களை அடைத்துவிடுவார்கள், உஷ்ணம் தாங்காது. வசதி படைத்த பிரயாணிகள் எல்லோரும் கரையிறங்கி ஊர் பார்க்கப் போனார்கள். மாதக் கணக்கான தங்கல் மணிக் கணக்காகச் சுருங்கியது அப்போதுதான். ‘சில மணி நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்ப்பது’ என்று இன்று நாம் சொல்லுகிற வழக்கம் இந்தக் கரித்தூளில் பிறந்தது.

அந்தச் சில மணி நேரத்துக்கென்றே ஒரு கிரமம் உண்டாயிற்று. 1880 முதல் ஓடத் தொடங்கிய கை ரிக்ஷாவில் ஏறி, 1859-இல் தாங்ளினில் அமைத்த தாவர இயல் தோட்டத்துக்குப் போவார்கள். பிரேஸிலின் ரப்பர்ச் செடி 1877-இல் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக வந்து வேரூன்றிய இடம் அது. திரும்பும்போது 1887-இல் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் மியூசியத்தைப் பார்ப்பார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கீஸ்கள் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டலில் உணவருந்துவார்கள். சங்கு ஊதுவதற்குள் கப்பலுக்குத் திரும்புவார்கள். அவர்களை இழுத்துச் சென்ற ரிக்ஷாக்காரரும், அவர்கள் ஊர் பார்த்துக்கொண்டிருந்தபோது கரி சுமந்தவரும், பெரும்பாலும் தாங்களே எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். ஒருவனுடைய ஓய்வு நேரம் மற்றொருவனுடைய முதுகின் மேல் நின்றது என்பதை அந்தக் காலத்துப் பிரயாண நூல்கள் அவ்வளவாக எழுதி வைக்கவில்லை.

கப்பலின் மேல்தட்டில் திறந்த வெளியில் வந்தவர்களுக்கோ வேறுவிதமான காத்திருப்பு வாய்த்தது. 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியது. மறு ஆண்டே, நகரத்துக்குத் தெற்கேயுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் துறைமுக வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்த நம் மக்களும், தென் சீனத்திலிருந்து வந்த ஏழைகளும், மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களும், ஊருக்குள் கால் வைப்பதற்கு முன் அந்தத் தீவிலே தங்கவைக்கப்பட்டார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரஜாக் தீவு அப்படிப்பட்டதாக இருந்தது. உடைகளை ஆவியில் வேகவைத்து, உடம்பை மருந்து நீரில் குளிப்பாட்டி, நோய் இல்லையென்று தெளிந்த பின்னரே கரைக்கு அனுப்பினார்கள். முதல் வகுப்பில் வந்தவர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் மேஜை முன் அமர்ந்திருந்த அதே நாட்களில், அவருடைய கப்பலின் மேல்தட்டில் வந்த நம் பாட்டனார்கள் முள்வேலிக்குள் வரிசையில் நின்றார்கள். தொற்று நோயைத் தடுப்பது அவசியமே என்பதை நான் மறுக்கவில்லை. டிக்கெட்டின் விலையைப் பார்த்து நோய் வருவதில்லை என்பதே என் வருத்தம். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமிடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்குகிற குடும்பங்கள் தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் உண்டு.

மெக்கா யாத்திரிகர்களைக் குறிப்பிட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜாவா, சுமத்ரா முதலிய டச்சுத் தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களில் ஏராளமானோர் சிங்கப்பூருக்கு வந்தே ஜித்தா கப்பல் ஏறினார்கள். கம்போங் கிளாம் பகுதியில், சுல்தான் மசூதியைச் சுற்றியுள்ள அரபு வீதியிலும் பஸ்ரா வீதியிலும், அவர்கள் தங்குவதற்கு விடுதிகள் நிறைந்திருந்தன. கப்பல் டிக்கெட்டும் உணவும் இடமும் பார்த்துக் கொடுப்பதற்கு ஷேக்குகள் என்னும் தரகர்கள் இருந்தார்கள். கையிருப்புப் போதாதவர்கள் அங்கேயே கூலி வேலை செய்து பணம் சேர்த்தார்கள். மாதங்கள் போய் வருஷங்களாகியும் பணம் சேராமல், மெக்காவைக் காணாமலே ஊர் திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களை ‘சிங்கப்பூர் ஹாஜி’ என்று ஜாவாக்காரர்கள் அழைத்தார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்த ஆசையுடன் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுபோன அந்த மனிதர்களை நினைக்கும்போது, எட்டு மணி நேரம் தாமதம் என்று முறையிடுவதற்கு மனம் கூசுகிறது.

இனி ஆகாயத்துக்கு வருவோம். 1919 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் சிங்கப்பூரில் குதிரைப் பந்தய மைதானத்தில் வந்து இறங்கியது. விமான நிலையம் என்று ஒன்று அப்போது அங்கே இல்லை. 1930-இல் ராணுவ விமானத் தளமான ஸெலத்தாரில் சாதாரண ஜனங்களின் விமானங்களும் இறங்கத் தொடங்கின. 1933 டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரையில் தன் போக்குவரத்தை நீட்டியது. மறு ஆண்டு அதை ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் கம்பெனியுடன் சேர்ந்து பிரிஸ்பேன் வரையில் கொண்டு சென்றது. 1935-இல் லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பிரயாணக் காலம் பன்னிரண்டரை நாள். கட்டணம் 195 பவுன். அந்நாளைய விமானம் பகலில் மாத்திரமே பறந்தது. சில நூறு மைலுக்கு ஒருமுறை பெட்ரோலுக்காக இறங்கியது. பொழுது சாய்ந்ததும் பிரயாணிகளை மோட்டாரில் ஹோட்டலுக்கு அழைத்துச் சென்று, உணவும் படுக்கையும் கொடுத்து, விடியுமுன் எழுப்பி, மறுபடி விமானத்தில் ஏற்றினார்கள். இந்தச் செலவெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். இடைத்தங்கல் என்பது அப்போது பிரயாணத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. அதைத் தாமதமென்று ஒருவரும் சொல்லவில்லை.

1937 ஜூன் 12-ஆம் தேதி காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து உண்டாக்கிய வட்டமான இறங்குதளம். பக்கத்திலேயே கடலில் மிதக்கும் விமானங்களுக்கான துறை. நடுவில் கண்ணாடிக் கோபுரத்துடன் ஒரு வெள்ளைக் கட்டடம். நகரத்திலிருந்து சில நிமிஷ தூரத்தில், கடல் விமானமும் தரை விமானமும் ஒரே இடத்தில் இறங்கும் வசதி அக்காலத்தில் எங்கும் சாதாரணமானதன்று. திறந்து பத்து நாளாவதற்குள், உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்ட அமெரிக்க வீராங்கனை அமீலியா இயர்ஹார்ட் அங்கே வந்திறங்கி ஓர் இரவு தங்கினார். அடுத்த மாதம் 2-ஆம் தேதி பசிபிக் சமுத்திரத்தின் மேலே அவர் மறைந்து போனார்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சாங்கியில் சிறை வைக்கப்பட்டிருந்த யுத்தக் கைதிகளை 1943-லும் 1944-லும் வேலை வாங்கி, தீவின் கிழக்கு முனையில் ஜப்பானியர் ஒரு விமானத் தளம் அமைத்தார்கள். பட்டினியாலும் நோயாலும் எலும்பும் தோலுமான மனிதர்கள், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, அதைச் சமன் செய்தார்கள். விடுதலை என்றைக்கு என்று தெரியாமல் காத்திருந்தவர்களுடைய உழைப்பு அது. யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷ் ஆகாயப் படை அந்தத் தளத்தை எடுத்துக்கொண்டு விரிவாக்கியது. இன்று உலகமெங்குமிருந்து வரும் பிரயாணிகள் இறங்குகிற சாங்கி விமான நிலையத்தின் முதல் மண் இப்படித்தான் புரட்டப்பட்டது. பளபளக்கும் தரையின் மேல் நடக்கிறபோது இதை நினைவில் வைத்திருப்பது நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய ஒரு சிறு மரியாதை என்று கருதுகிறேன்.

காலாங் சிறிதாகிவிட்டதால், 1955 ஆகஸ்டில் பாய லேபாருக்கு விமான நிலையம் மாறியது. ஜெட் விமானங்கள் வந்தன, பிரயாணிகள் பெருகினார்கள், சுற்றிலும் வீடுகளும் பெருகின. 1975-இல், அங்கேயே இரண்டாவது ஓடுபாதை போடுவதா, கடலோரத்தில் சாங்கிக்குப் போவதா என்ற கேள்விக்கு அரசாங்கம் சாங்கி என்று முடிவு செய்தது. ஊருக்கு மேலே விமானம் பறக்காமல் கடலுக்கு மேலே பறக்க வேண்டும் என்பது முக்கியமான காரணம். கடலைத் தூர்த்து நிலத்தைப் பெருக்கி, 1981 ஜூலை முதல் தேதி அங்கே போக்குவரத்தைத் தொடங்கினார்கள்.

இதற்குள் காத்திருப்பின் காரணம் மீண்டும் மாறிவிட்டது. விமானங்களின் பறக்கும் தூரம் வளர்ந்துகொண்டே வந்து, பெட்ரோலுக்காக இறங்க வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போயிற்று. 2018-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடையில் எங்கும் இறங்காமலே விமானம் போகத் தொடங்கியது. காற்றும் கரியும் கொண்டு வந்து சேர்த்தவர்களை இனித் தானே அழைத்தால்தான் வருவார்கள் என்பதைச் சிங்கப்பூர் நெடுநாள் முன்னரே உணர்ந்துகொண்டது. பல ஊர்களின் விமானங்களை ஒரு வேளையில் வரவழைத்து, பிரயாணிகளை மாற்றி ஏற்றி அனுப்புகிற மத்தியஸ்தலமாகத் தன்னை அது அமைத்துக்கொண்டது; காத்திருக்கிறவர்களுக்கு நீச்சல் குளமும், கட்டணமில்லாத சினிமாவும், வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் வைத்தது. 2019-இல் திறக்கப்பட்ட ‘ஜுவல்’ என்னும் கண்ணாடி மண்டபத்தின் நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது, 1987 முதல் நடந்து வருகிற இலவச நகர்ச் சுற்றுலாவை. ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் ஒரு நாளுக்கு மிகாமலும் இடைத்தங்குகிறவர்களை பஸ்ஸில் ஏற்றிச் சுமார் இரண்டரை மணி நேரம் ஊரைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். ரிக்ஷாவில் தோட்டம் பார்க்கப் போன அந்தக் காலத்து ஏற்பாட்டின் வாரிசு இது. டிக்கெட்டின் வகுப்பைக் கேட்பதில்லை என்பதே வித்தியாசம்.

ஆனாலும், வாசலில் ஒரு வரிசை இன்னும் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் செல்லுகிறவர் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு, இலவசச் சுற்றுலாவுக்குக்கூட, சிங்கப்பூர் விசா பெற்றிருக்க வேண்டும். வேறு சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்குச் சில நிபந்தனைகளின் பேரில் விலக்கு உண்டு. ஆகவே ஊர் பார்க்கும் எண்ணமுள்ளவர்கள் புறப்படுமுன்பே இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுவது உத்தமம்.

பஸ்ஸில் போவது சுலபந்தான். ஆனால் கையில் எட்டு மணி நேரம் உடையவர்கள், மூட்டையை நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் பெருவிரைவு ரயிலில் போகலாம் என்பது என் யோசனை. சாங்கியிலிருந்து சென்று தானா மேராவில் வண்டி மாறினால், மேற்கே போகும் ஒரே பாதை இந்தச் சரித்திரம் முழுவதையும் பின்னோக்கித் தொட்டுக்கொண்டு போகிறது. பாய லேபார் முதலில் வரும். பழைய நிலையம் இன்று ராணுவத் தளமாகிவிட்டது, ஸ்டேஷனிலிருந்து அது தூரமும் கூட, ஆகையால் அங்கே இறங்க வேண்டியதில்லை. காலாங்கில் இறங்கினால் 1937-இன் வெள்ளைக் கட்டடத்தையும் கண்ணாடிக் கோபுரத்தையும் வெளியே நின்று பார்க்கலாம். அந்த இறங்குதளத்தின் நிலத்தில் இன்று விளையாட்டரங்கம் நிற்கிறது. பூகிஸில் இறங்கினால் சிறிது நடையில் கம்போங் கிளாம். ஹாஜிகள் தங்கிய வீதிகளில் இன்று துணிக்கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் இருக்கின்றன. அவற்றின் நடுவே மசூதி உயர்ந்து நிற்கிறது. ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கித் தெலுக் ஆயர் வீதிக்கு நடந்துபோனால் நாகூர் தர்கா வரும். அங்கிருந்து மாரியம்மன் கோயிலும் அருகில்தான். வழியெல்லாம் ரயிலில் ஒலிக்கிற அறிவிப்புகளில் தமிழும் ஒன்றாக இருப்பதைக் கேட்டுக்கொண்டே போகலாம். நகரத்திலிருந்து விமான நிலையம் திரும்ப முக்கால் மணி நேரமும், அங்கே சோதனைகளுக்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பகல் முழுவதும் கிடைத்தவர்களுக்கு, அதிலும் தமிழர்களுக்கு, இன்னும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ராஃபிள்ஸ் பிளேஸில் வண்டி மாறி மரீனா சௌத் பியர் ஸ்டேஷனுக்குப் போனால், அங்கேயுள்ள படகுத் துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு போகிறது. திரும்பும் படகுகளின் நேரத்தை முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தீவில் கடைகள் இல்லையாதலால் உணவும் தண்ணீரும் கையோடு கொண்டு போக வேண்டும். மரங்கள் அடர்ந்த அமைதியான இடம்; கடலோரமாக நடக்கப் பாதைகள் இருக்கின்றன. விடுமுறைக்கு வருகிறவர்கள் நீராடிவிட்டுப் போகிறார்கள். ரஜூலாவிலும் அதற்கு முந்திய கப்பல்களிலும் வந்து, அக்கரையில் தெரிந்த ஊருக்குள் அனுமதி கிடைப்பதற்காக நம்முடைய ஜனங்கள் காத்திருந்த தீவு அது.